தலைப்பிள்ளையின் பெயர்

"பிள்ளைக்கு என்ன பெயர் சூட்டுகிறீர்கள்?"

பங்குச்சாமி கேட்டார்.

பிள்ளையின் தாய் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். அவள் மதினி, புருஷனின் அக்காதான் ஞானத்தாய். பிறந்து முப்பது நாள்கூட ஆகாத பிள்ளை, அத்தை கையில் உதட்டைச் சப்பிக்கொண்டு தூங்கினான்.

"கஸ்பார்னு சொல்லு பிள்ள. சாமி நிக்காருல்லா," என்றாள் மதினி, காதோரம்.

கஸ்பார் அவள் புருஷன் பெயர்.

அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி. தகப்பன் உயிரோடிருந்தால் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர். பிள்ளை பிறக்குமுன் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டால், அவன் பெயர்.

நாலு மாதத்துக்கு முன் கஸ்பாரின் வள்ளம் கவிழ்ந்தது. போனது மூன்று பேர். இரண்டு பேர் உடல் கரை ஒதுங்கி, அடக்கமும் முடிந்தது.

அவனைக் காணவில்லை.

ஊர் அவனைச் செத்தவனாகவே முடித்துவிட்டது. மதினி முப்பதாம் நாள் இறந்தோர் பூசைக்கே எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு இவள் போகவில்லை. வயிற்றுப் பிள்ளையைச் சாக்குச் சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோதுகூடத் தாளில் எழுதித்தான் காட்டினாள்.

இப்போது சொல்லிவிட்டால், அவளே மண்ணள்ளிப் போட்டதுபோல.

சொல்லாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? யாரோ செருமினார்கள்.

"சந்தியாகு."

குரல் பின்னாலிருந்து வந்தது.

மாமனார்.

நாலு மாதமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். விடிந்தால் கரையோரமாகவே நடந்து போவார். பொழுது சாய்ந்து திரும்புவார். எங்கே போனீர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"அது உங்க பேருல்லா?" என்றார் சாமி, மெதுவாக.

"ஆமா சாமி. எம் பேரனுக்கு எம் பேருதான்."

"அப்பா..." என்று மதினி இழுத்தாள்.

அவர் மகளைப் பார்க்கவில்லை.

"எம் மவன் கரைக்கு வந்து சேரல. அவ்வளவுதான். நீங்க தண்ணிய ஊத்துங்க சாமி."

அவள் பக்கத்திலிருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவனுக்காகக் காத்திருப்பது தான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதே வீட்டில் இன்னொரு ஆளும் இருந்திருக்கிறார்.

தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டான். கோயில் முழுக்கக் கேட்கிற குரல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண் தன் பாட்டுக்கு வழிந்தது.

எல்லாம் முடிந்து சாமி பதிவேட்டை விரித்தார். பிள்ளை பெயரை எழுதினார். தகப்பன் பெயரை எழுதினார்.

பேனா கொஞ்சம் நின்றது.

"தகப்பனுக்கு என்ன தொழில்னு போட?"

மாமனார் அவளைப் பார்த்தார்.

"கடலுக்குப் போயிருக்காவ, சாமி," என்றாள்.

சாமி அப்படியே எழுதினார்.