முதல் துண்டு

"முதல் துண்டு கீரைக்கட்டுக்குத்தான்!" என்று மாஸ்டர் அறிவித்ததும், ஸ்கூபா பள்ளியின் பின்னறை மொத்தமும் கைதட்டியது.

கீரைக்கட்டு என்பது இவர்கள் அவளுக்கு வைத்த பெயர். சேர்ந்த முதல் நாள் மதியம் மீனை ஒதுக்கிவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டாள். அத்தோடு சொந்தப் பெயர் போயிற்று.

அதற்காக அவளுக்குக் கோபம் கிடையாது. கோபப்படுவதற்கு எதிராளி மேல் கொஞ்சமாவது மதிப்பு வேண்டும். இவர்கள் மேல் அவளுக்கு இருந்தது சுத்தமான இளக்காரம்.

மேசையின் அந்தக் கோடியில் பல் டாக்டர். காலையில் தண்ணீருக்கு அடியில் ஒரு மீனைப் படம் பிடித்துவிட்டு, "செல்லம்! என்ன கண்ணுடா உனக்கு!" என்று படகில் வந்து உருகியவர். இப்போது அதன் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் வங்கி மேலாளர், 'கடலைக் காப்போம்' என்று அச்சடித்த பனியனோடு. கேரட்டுக்கும் உயிர் இருக்கிறதே, அது பாவமில்லையா என்று அவளிடம் வாராவாரம் கேட்பார். ஒவ்வொரு முறையும் தானே கண்டுபிடித்ததுபோல் சிரிப்பார்.

எல்லோருக்கும் மேலே மாஸ்டர். கழுத்தில் சுறாப்பல். கடல் எனக்கு அம்மா மாதிரி என்று கண்கலங்கச் சொல்வார். அம்மா மடிக்கு ஈட்டியோடுதான் இறங்குவார்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவர் எடுக்கும் முதல் பாடம் கட்டை விரல். தண்ணீருக்குள் அதை உயர்த்திக் காட்டினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறது என்று சொல்ல விரலை வட்டமாகக் காட்ட வேண்டும்.

பாடத்தோடு ஒரு கதையும் உண்டு. மாஸ்டரோடு ஜோடியாக, கடலுக்குள் இருக்கும் பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கிய ஒரு பையன், மீன் கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டை விரலைக் காட்டினானாம். சரி, மேலே போகலாம் என்கிறான் என்று மாஸ்டரும் கட்டை விரலைக் காட்டிவிட்டு ஏறிவிட்டாராம். மாஸ்டரும் சூப்பர் என்கிறார் என்று நினைத்துப் பையன் கீழேயே நின்றுவிட்டானாம்.

மாஸ்டர் இரண்டு பேரைப் போலவும் நடித்துக் காட்டுவார். வகுப்பு சிரிக்கும். அப்புறம்தான் பையன் திரும்பவில்லை என்பதைச் சொல்வார்.

ஜோடியாக இறங்கினால் ஜோடியாகத்தான் ஏற வேண்டும் என்பது இரண்டாவது பாடம். அந்தப் பாடத்தில் அவர் இந்தக் கதையைச் சொல்வதே இல்லை.

அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. கீரை தின்றால் சிரிப்பும் வராது போலிருக்கிறது என்றார் பல் டாக்டர்.

இன்றைக்கு அவள் கடைசித் தேர்விலும் தேறிவிட்டாள். தேறியவருக்குத் தரும் உரிம அட்டை தயாராக மாஸ்டரின் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அது கையில் இல்லாமல் படகுக்காரர் யாரையும் பாறைக்கு அப்பால் கூட்டிப் போக மாட்டார். அவள் போக வேண்டியது அங்கேதான். அதற்காகத்தான் ரப்பர் நாற்றத்தையும் கீரை ஜோக்குகளையும் இத்தனை நாள் சகித்துக்கொண்டாள்.

ஆனால் இங்கே ஒரு வழக்கம். தேறியவர் முதல் துண்டு மீனைத் தின்ன வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள், அட்டையும் அப்புறம்தான்.

ஒரு துண்டுதானே என்று அவள் நேற்றே மனதைத் தேற்றிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டால் தீர்ந்தது. தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்கவே கூடாது என்றுதான் இவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தரையில் பிடிக்கலாம்.

தட்டு வந்தது. எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். அவள் துண்டை எடுத்து உதடு வரை கொண்டுபோனாள்.

"உனக்காகவே பாறைக்கு அந்தப் பக்கம் போய்க் குத்திட்டு வந்தேம்மா. அங்க ஒவ்வொண்ணும் எப்படிக் கொழுத்திருக்கு தெரியுமா! அடியில நல்ல தீனி போல."

வாய் நிறைய மீனோடுதான் மாஸ்டர் இதைச் சொன்னார். ருசி பார்க்கிறேன் என்று ஒரு துண்டை முன்னாலேயே உள்ளே தள்ளியிருந்தார். வழக்கமெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

அவள் துண்டைத் தட்டிலேயே வைத்தாள்.

"பிறவிச் சைவம், தொண்டையில இறங்குமா?" என்றார் வங்கி மேலாளர்.

பிறவிச் சைவம்! வீட்டில் மீன் வாங்கினால் தலைத் துண்டுக்கு அவளும் தம்பியும் அடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அவனே ஜெயிப்பான். ஜெயித்ததும் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவான். சாப்பாடு, சினிமா, பரீட்சை, எதுவானாலும் அவனுக்கு அந்த ஒரு விரல்தான். இங்கே வந்து அவனைத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் அப்பாவும் சித்தப்பாவும். அன்றைக்கு அவளைக் கூட்டிவரவில்லை. அதனால் மாஸ்டருக்கு அவளை அடையாளம் தெரிய வழியில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, எட்டி அட்டையை எடுத்தாள்.

"என் தம்பி இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கான், மாஸ்டர். நீங்கதான் அவனுக்கு ஜோடி."

யாரோ செல்போனைக் கீழே இறக்கினார்கள்.

மாஸ்டர் அவளையே பார்த்தார். கன்னம் உப்பியிருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.