பெயரில்லாத ஃபைல்

"அம்மா, பாட்டுப் பெட்டிய நீங்க தொட்டீங்களா?"

தாஜுன்னிசா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நா எதுக்குப்பா அதைத் தொடறேன்?"

"அப்பறம் மத்தியானமானா மட்டும் அது எப்படிங்க படுத்துக்குது?"

அவள் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். இல்யாஸுக்கு எரிச்சலாக வந்தது.

போத்தனூரில் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் டிபன் டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இல்யாஸ் சேர்த்து வைத்த பாட்டெல்லாம் அதில்தான். அறைக்கு ஒரு ஸ்பீக்கர். போனில் தொட்டால், கேட்ட அறையில் கேட்ட பாட்டு ஓடும்.

காலையில் ஒழுங்காகப் பாடும். மதியத்துக்கு மேல் திக்கும். சாயங்காலம் அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும்.

பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு இது அவமானமாக இருந்தது. சாஃப்ட்வேரைப் புதுப்பித்தான். பாட்டுகளின் அட்டைப்படத்தை நெட்டில் தேடுகிற வேலையை நிறுத்தினான். கூடுதல் மெமரி வாங்கிப் போட்டான். அதுவும் நிரம்பியது.

பாட்டு அவனுக்காக அல்ல, நஸ்ரியாவுக்காக. குழந்தை யுஸ்ரா இறந்த பிறகு அவன் மனைவி அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

தொட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றியவன் இல்யாஸ். "இனி இந்த ஊட்ல யாரும் அந்தப் பேரை எடுக்கக் கூடாது" என்று சொன்னவனும் அவன்தான். நாலு நல்ல பாட்டு காதில் விழுந்துகொண்டே இருந்தால் அவள் தேறிவிடுவாள் என்று நம்பினான்.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"என்னப்பா அப்படி உத்து உத்துப் பாக்கற? பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நீ இப்படிப் பாக்கலையே!" என்றாள் தாஜுன்னிசா.

"ஏதோ ஒண்ணு மெமரில எடத்தைப் புடிச்சுட்டுத் திருப்பித் தர மாட்டேங்குதுங்கம்மா. ஊட்டுக்கு வர்றவங்கெல்லாம் தண்ணி குடிச்சுட்டு டம்ளரைக் கையோட கொண்டுபோயிட்டா என்ன ஆகும்? பொழுது சாயறதுக்குள்ள ஒரு டம்ளர் மிஞ்சாது. அதே கதைதான்."

"போனாப் போகுது கண்ணு. திக்கித் திக்கிப் பாடுனாலும் பாடிட்டுப் போகட்டும். உட்டுபோடு."

"எப்படிங்க உடறது? அவ நாலு பாட்டுக் கேட்டுத் தேறுனா உங்களுக்குப் புடிக்கலையா?"

தாஜுன்னிசா அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். மருமகளின் அறைக்குள் போய், சற்று நேரம் கழித்துக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"படுத்துட்டா. சத்தம் போடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு மதிய லுஹர் தொழுகைக்குப் போனாள்.

அப்போதுதான் திரையில், மெமரி எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் கோடு ஏறத் தொடங்கியது.

இல்யாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். நஸ்ரியாவின் அறை ஸ்பீக்கரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஓடவிட்டது அம்மாவின் போன்.

பெட்டிக்குள்ளேயே கிடந்த, பெயரில்லாத ஒரு ஃபைல். ஒரு முழு ராத்திரியின் நீளம். பாட்டு என்றால் சில நிமிடம்தான். முடிந்ததும் சாஃப்ட்வேர் அதை மெமரியிலிருந்து இறக்கிவிடும். இது முடிகிற வழியாக இல்லை. ஓடிய பகுதியையும் இறக்காமல், அடுத்ததையும் அடுத்ததையும் ஏற்றிக்கொண்டே இருந்தது.

ஃபைலின் ஒலி அலையைப் படமாகப் பார்த்தான். ஏறக்குறைய நேர்கோடு. பாட்டு இல்லை, பேச்சு இல்லை.

அம்மா எதையோ அழுத்தி, ஒன்றுமில்லாததை ஓடவிட்டிருக்கிறாள். தொடவில்லை என்று பொய் வேறு!

ஃபைலை அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். பெட்டியை அணைத்துப் போட்டான்.

கோடு சரசரவென்று இறங்கிப் படிந்தது. ஹால் ஸ்பீக்கரில் ஒரு பாட்டை வைத்தான். திக்கவே இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு இல்யாஸ் சிரித்தான்.

தொழுகை முடித்து வந்த தாஜுன்னிசா நடு ஹாலில் நின்றுவிட்டாள்.

"இல்யாசு, என்ன பண்ணுன?"

"திருடனப் புடிச்சுட்டேனுங்கம்மா. நீங்கதான் அது! உங்க போன்லருந்து உள்ள ஒரு காலி ஃபைல் ஓடிட்டு இருந்துச்சு. அழிச்சுபோட்டேன்."

"கேட்டுப் பாத்தயா?"

"கேக்கறதுக்கு அதுல என்னங்க இருக்கு? வெறும் கோடு."

"காத வெச்சு ஒரு தடவ கேட்டுப் பாத்தயா?"

அவன் விழித்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"புள்ளைக்கு இளைப்பு வந்தப்ப, தூக்கத்துல எப்படி மூச்சு உடுதுன்னு டாக்டர் கேட்டாரே... ராத்திரி பூரா தொட்டில்ல போனை வெச்சுப் பதிஞ்சது நீதானேப்பா? அது ஓடுனாத்தான் இவ கண்ண மூடுறா. பேரையே எடுக்கக் கூடாதுன்னுபோட்ட. உங்கிட்ட நா எப்படிச் சொல்றது?"

இல்யாஸ் பாட்டை நிறுத்தினான். லேப்டாப்பில் எங்கெங்கோ தேடினான். எங்கும் இல்லை. அதைப் பதிந்த பழைய போனில் இருந்ததையெல்லாம் பெட்டியில் ஏற்றிவிட்டு, போனைச் சுத்தமாக அழித்து, புதுசுக்கு மாற்றிக் கொடுத்ததும் அவனேதான்.

அறைக் கதவு திறந்தது. பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த நஸ்ரியா, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி... புள்ளைக்கு மறுபடியும் மூச்சு நின்னுபோச்சுங்க."