முடிவில்லாத செவ்வாய்க்கிழமைகள்

திரும்பத் திரும்ப வரும் தேதிகளைக் கணக்கிடும் நிரலில், முன்பு அதைப் பார்த்துக்கொண்டவர் எழுதிவைத்த குறிப்புகளை உதட்டைச் சுழித்தபடி நீக்கிக்கொண்டிருந்தான் அவன்.

“இதப் பாரு, ‘இந்தக் குறிப்பை அழிக்காதே, நாள்கள் நின்றுவிடும்’னு எழுதியிருக்காரு. கமென்ட்டு நாம படிக்கத்தான், கம்ப்யூட்டர் அத கண்டுக்கவே கண்டுக்காது. மனுஷனுக்கு மண்டையில களிமண்ணுதான்,” என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிவிட்டு அதை அழித்தான்.

சோதித்துப் பார்க்க, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் செவ்வாய்க்கிழமைகளைக் கேட்டான். முடிவுத் தேதியே கொடுக்காததால் நீண்டுகொண்டே போகவேண்டிய பட்டியல் மூன்று செவ்வாய்களோடு நின்றது. குறிப்பைத் திரும்பப் போட்டான். அப்போதும் மூன்றுதான்.

“கிறுக்கன் எழுதின நிரல்,” என்று முனகினான்.

அப்போது அம்மா போனில் அழைத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“டாக்டர் பேசினாருடா. இன்னும் மூணே தடவ வந்தா போதுமாம்!”