ஆறும் காபி

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கின்றன. மக்களையும் போலீஸையும் நெருக்கமாக்க அரசுப் பணத்தில் வந்த வெளிநாட்டு நிபுணர், காபியைப் போலீஸ்காரரே கொடுக்கட்டும் என்கிறார். எங்கள் அல்பேனிய மலையில், அடித்தவன் கையால் காபி குடித்தால் அவனை மன்னித்ததாக அர்த்தம். அந்த மனுஷனுக்கு யார் சொல்வது? லிரியின் மகனுடைய பல்லை உடைத்த போலீஸ்காரன் பர்தில், புது நீலச் சட்டையில் அவள்முன் குனிந்து கோப்பையை நீட்டுகிறான். ஆவி அவள் முகத்தில் படுகிறது. “எடுத்துக்குங்கக்கா, ஆறிடப் போகுது.” “என் பையனை எப்ப விடுவே?” “நீங்க குடிங்க. நான் போய் லாக்கப்பைத் திறக்க வேண்டாமா?” கூடமே அவள் உதட்டைப் பார்க்கிறது. லிரி ஒரே மூச்சில் வண்டல்வரை குடிக்கிறாள். நிபுணர் மட்டும் கைதட்டுகிறார்.