மாமரத்தில் நாற்பது சி.டி.

"இதை யாரு மரத்துல கட்டுனது?"

உதிர்ந்த மாங்காய்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்த லட்சுமியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவன் தோட்டத்துக்குள் வந்து நின்றிருந்தான். கையில் ஒரு சி.டி. அதன் ஓட்டையில் அறுந்த நூல் தொங்கியது.

"நாங்கதாம்பா கட்னோம். வெயில்ல மின்னுச்சுன்னா கிளி கிட்ட வராது. உனுக்கு இன்னா?"

"இது நான் அனுப்புன சி.டி. மேல இருக்கறது என் கையெழுத்து."

தோட்டம் முழுக்க மரத்துக்கு இரண்டு மூன்றாக அதே மாதிரி சி.டி.கள் சுழன்றுகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் பச்சை மையில் அதே கையெழுத்து.

லட்சுமியம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மேகலை, இங்க வா. யாரோ வந்து சத்தம் போடறாரு."

வந்தவன் பெயர் பாஸ்கரன். தென்காசிப் பக்கத்துக்காரன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பு வேலை. உடன் வேலை பார்க்கும் திம்மராயன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக நாகரசம்பட்டிக்கு வந்தவன், திரும்புகிற வழியில் மரங்களுக்கிடையே ஏதோ பளபளப்பதைப் பார்த்துவிட்டுப் பைக்கை நிறுத்தியிருந்தான்.

அந்த சி.டி.யில் இருந்தது ஒரு கம்பைலர். நாம் எழுதும் புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டது. அதோடு வேண்டிய பிளகின் எனும் துணை மென்பொருள்களைச் சேர்த்து, கல்லூரிக் கணினிகளில் இரண்டு கிளிக்கில் ஏறும்படி ஒரே தொகுப்பாக்கி, நெட் வசதி இல்லாத பாலிடெக்னிக்குகளுக்குத் தபாலில் அனுப்புவதைப் பாஸ்கரன் இரண்டு வருடமாகச் செய்துவந்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி மணிமேகலை வந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் லெக்சரர்.

"நான் பாஸ்கரன். ஓசூர்" என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. "நீங்களா சார்? கடுதாசியிலயே பழக்கம், நேர்ல இப்பதான் பாக்கறேன். உக்காருங்க. அம்மா, மோர் கொண்டா."

"மோரெல்லாம் வேண்டாம். எங்க பசங்க நாப்பது பேர், வீட்டுல நெட் இல்ல, ஆளுக்கு ஒண்ணு வேணும்னு எழுதுனது நீங்கதான?"

"நான்தான் சார்."

"நாப்பது. ஒண்ணு ஒண்ணா சி.டி.ல ஏத்தி, ஒவ்வொண்ணையும் திரும்பப் போட்டு சரியா இருக்கான்னு பாத்து, ஒரு வாரம் லீவு போட்டு உக்காந்து பண்ணேன். கிளி விரட்டவா?"

"சார், நான் சொல்றத..."

"என்னத்தச் சொல்லப் போறீங்க? யாருக்கு வேணா காப்பி போட்டுக் குடுக்கலாம், உள்ள பிரிச்சு மாத்தலாம்னு நானே எழுதியிருந்தேன். மரத்துல கட்டலாம்னு எழுதல."

எட்டிய கிளையிலிருந்து ஒன்றைப் பிடித்து இழுத்தான். நூலோடு ஒரு பிஞ்சும் சேர்ந்து வந்தது.

"ஏம்பா, காய் மேல கை வைக்காத" என்று லட்சுமியம்மாள் அதட்டினாள்.

"காய்க்கு வலிக்குதா உங்களுக்கு? அந்த நாப்பது பசங்க கைக்கு இது போகவே இல்லையே, அது வலிக்கல. சும்மா கிடைக்குதுன்னா இதான் மரியாதை."

"சார், ஒரு நிமிஷம்..."

"உங்க பிரின்சிபாலுக்கு எழுதப் போறேன். இனிமே உங்க காலேஜுக்கு ஒரு சி.டி. கூட வராது."

மணிமேகலை அதற்கு மேல் கெஞ்சவில்லை. அவள் முகமும் சிவந்துவிட்டது.

"பேசி முடிச்சிட்டீங்களா? இப்ப நான் பேசட்டுமா?"

அவன் கையிலிருந்ததை வாங்கி, எழுத்துத் தெரியும் பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உங்க கையெழுத்தத்தான் பாத்தீங்க. என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? படிங்க."

"கம்பைலர். பதிப்பு இரண்டு புள்ளி ஒன்று" என்று படித்தவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

"போன மாசம் நீங்க ஒரு கடுதாசி போட்டீங்க. இரண்டு புள்ளி ஒண்ணுல ஒரு பிளகின் தப்பு, அதப் போட்டா சிப்பு செத்துப்போகும், யாரும் தொடாம எல்லாத்தையும் திரும்ப வாங்கி ஒழிச்சுடுங்கன்னு. கூடவே புதுசு ஒண்ணு வெச்சிருந்தீங்க, காப்பி போட்டுக் குடுக்கச் சொல்லி. பரீட்சை முடிஞ்சு பசங்க ஊருக்குப் போயாச்சு. சிங்காரப்பேட்டையில இருந்து பாகலூர் வரைக்கும் பஸ் ஏறி, ஒவ்வொருத்தன் வீடா விசாரிச்சுப் போனேன் சார். புதுச கையில குடுத்துட்டு பழச வாங்கினேன். கடைசி ரெண்டும் நேத்துதான் கிடைச்சுது. ஒடைச்சா குப்பைதான், கிளிக்காவது ஆகட்டும்னு அம்மா கட்டிச்சு."

அந்தக் கடிதத்தைப் பாஸ்கரன் இருபத்தேழு கல்லூரிகளுக்கு அனுப்பியிருந்தான். ஓரிடத்திலிருந்தும் பதில் வராததால், எவரும் பிரித்துக்கூடப் படித்திருக்க மாட்டார்கள் என்று வைது தீர்த்துவிட்டு, அவனே அதை மறந்திருந்தான்.