செத்த கிருமியும் பூந்திக்கொட்டைச் சாறும்

தடுப்பூசி மருந்துக்குள் ஒரு செத்த கிருமி இருந்தது. செத்தும் அதற்குத் திமிர் போகவில்லை.

முதல் தடவை அது தனியாகத்தான் ஒரு மனுஷனின் தோளுக்குள் போனது. அங்கே காவலிருந்த வெள்ளை அணுக்காரர்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து, "செத்ததுதானே, கிடக்கட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். கிருமிக்கு அவமானம் தாங்கவில்லை.

அடுத்த தடவை மருந்து செய்கிறவர்கள் அதோடு பூந்திக்கொட்டைச் சாற்றையும் கூட்டி அனுப்பினார்கள்.

"துணி வெளுக்கிற காயெல்லாம் எனக்குத் துணையா?" என்று கிருமி முகம் சுளித்தது.

சாறு உள்ளே போனதும் நுரைத்துப் பொங்கி, கண்ட இடத்தைச் சுரண்டி, தோளையே வீங்க வைத்துவிட்டது. காவலர்கள் அலறியடித்துக்கொண்டு தடியோடு ஓடிவந்தார்கள். கிருமியைச் சூழ்ந்து நின்று அதன் மூக்கையும் முழியையும் மனப்பாடம் செய்தார்கள்.

"பார்த்தீரா, ஊரே என் முகத்தைத்தான் பார்க்குது. உம்மை யாராவது திரும்பிப் பார்த்தாங்களா?" என்றது கிருமி.

"இல்லைதான்," என்றது சாறு. "உம்ம சொந்தக்காரங்க யாராவது இந்தப் பக்கம் வருவாங்களா?"

"உயிரோட ஆயிரம் தம்பிங்க இருக்கானுங்க. மழைக்காலத்துல வருவானுங்க. எல்லாரும் என்னையே உரிச்சு வெச்ச மாதிரி இருப்பானுங்க. இந்த முகத்துக்காகவே இங்கே அவனுங்களுக்கு ராஜ மரியாதை கிடைக்கும், பாரும்."

கேட்டுக்கொண்டிருந்த காவலர்கள் தடிக்கு எண்ணெய் பூசத் தொடங்கினார்கள்.