கீழ் வீட்டு ஹீட்டர்

"ஏன் வில்ஃப், ஊருக்கே சூடு போடுறீங்களா?"

மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள் மேவிஸ். கேட்காமல் என்ன செய்வாள்? ஜனவரி மாதம். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்துக் காற்று காதை அறுக்கிறது. கீழ் வீட்டில் கேஸ் ஹீட்டர் முழு வேகத்தில் எரிகிறது. அந்த மனுஷரோ புழக்கடைக் கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டுப் பனியனோடு நிற்கிறார்.

"கொஞ்சம் காத்து வேணும்மா," என்றார் வில்ஃப்.

"காத்து வேணும்னா ஹீட்டரை அணைக்கிறது. படிக்கட்டுக்குக் கீழ ரெண்டு பேர் மீட்டரும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு? போகும்போது வரும்போது பாக்குறேன். உங்களது பந்தயக் குதிரை மாதிரி ஓடுது. என்னோடது அசையக் காணோம்."

"வயசாயிடுச்சில்ல. குளிர் தாங்க மாட்டேங்குது."

"காலம் பூரா மீன் ஐஸ் கிடங்குல வேலை பார்த்த ஆள் பேசுற பேச்சா இது?"

வில்ஃப் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். பென்ஷன் பணத்தை இப்படிக் கரியாக்குகிறாரே என்று மேவிஸுக்கு வயிறு எரிந்தது.

அவள் அப்படியில்லை. போன வருஷம் நடுக் குளிர்காலத்தில் வந்த கேஸ் பில்லைப் பார்த்து மயக்கம் போட்டு விழாத குறை. அன்றைக்கு அணைத்த ஹீட்டர்தான், திரும்பத் தொடவில்லை. அப்போது இருமல் வந்து படாத பாடு படுத்தியது. இந்த வருஷம் அதுவும் இல்லை. உடம்பு பழகிவிட்டது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்காரர்களோ பழைய பில் கணக்கிலேயே மாதாமாதம் அவள் பாங்கிலிருந்து பணத்தை உருவிக்கொண்டிருந்தார்கள். அதிகமாகப் போனது மட்டும் நானூறு பவுண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மார்ச்சில் பிரிஸ்டலில் தங்கை மகள் கல்யாணம். ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும், கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளப் புதுத் தொப்பி வாங்க வேண்டும். அந்தப் பணம் வந்தால்தான் கல்யாணம், இல்லையென்றால் வீட்டிலிருந்தே வாழ்த்து அட்டை.

அதைத் திருப்பிக் கேட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மேடம், இந்தக் குளிர்ல இவ்வளவு கம்மியா யாரும் கேஸ் எரிக்க முடியாது," என்றது ஒரு பெண் குரல். "மீட்டர் பழுதா இருக்கும். இல்லாட்டி நீங்க அந்த வீட்டுல குடியிருக்கலை."

"குடியில்லாமலா இங்க உக்காந்து முக்கால் மணி நேரமா உங்க கம்பெனி பாட்டைக் கேட்டுக்கிட்டிருந்தேன்?"

"ஒரு ஆளை அனுப்புறோம் மேடம். மீட்டர் சரின்னு அவர் சொல்லிட்டா பணம் வந்துரும்."

வந்தவர் பெயர் டேரன். கீழே மீட்டரைச் சோதித்துவிட்டு மேலே வந்தார். வந்தவுடன் கோட்டைக் கழற்றினார். அவளுடைய ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று கிடந்தது.

"ஹீட்டரே போடலை. ஆனா ரூம் இவ்வளவு இதமா இருக்கே, எப்படி?"

"சிக்கனம் தம்பி, சிக்கனம். கனமான திரை, கம்பளி சாக்ஸ், கொஞ்சம் மனசுல உறுதி. கீழ இருக்காரே ஒருத்தர், அவருக்கு இதுல ஒண்ணுகூடக் கிடையாது."

டேரன் தலையைச் சொறிந்துகொண்டார். மீட்டர் சரி என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரமே பணம் வந்துவிட்டது.

மேவிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. உலர்திராட்சை போட்ட ரொட்டியும் ஒரு துண்டு சீஸும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஜெயித்ததைச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு அந்த மனுஷருக்கு நாலு வார்த்தை புத்தியும் சொல்ல வேண்டும்.

வில்ஃபின் முன் ரூம் ரொட்டி அடுப்பு மாதிரி தகித்தது. உள்ளே ஆளில்லை. உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை.

நாற்காலி சமையலறையில் இருந்தது. திறந்த புழக்கடைக் கதவை ஒட்டிப் போட்டு, பனிக்காற்றில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் வில்ஃப்.

"முன்னாடி அப்படிக் கொதிக்குது, இங்க வந்து விறைச்சுக்கிட்டு இருக்கீங்களே?"

"விறைக்கலம்மா, இதான் சுகம். சூடு எனக்கு எப்பவும் ஆகாது. தலை சுத்தும். ஐஸ் கிடங்குலயே கிடந்த உடம்பாச்சே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"குளிர் தாங்கலைன்னு சொன்னீங்க?"

வில்ஃப் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப முன் ரூம்ல யாருக்கு எரியுது ஹீட்டர்?"

கேட்டுக்கொண்டே மேவிஸ் திரும்பி, கதவு வழியே அந்த ரூமின் கூரையைப் பார்த்தாள். அதற்கு நேர் மேலேதான் அவள் கட்டில்.

வில்ஃப் பேப்பரை ஒரு பக்கம் புரட்டினார்.

"போன வருஷம் ராத்திரி பூரா நீங்க இருமுற சத்தம். ஹீட்டரைப் போடுங்கன்னா கேக்குற ஆளா நீங்க? சூடு அது பாட்டுக்கு மேல போகும். அதுக்கு உங்க அனுமதி வேணாம் பாருங்க."

புத்தி சொல்ல வைத்திருந்த நாலு வார்த்தையும் மேவிஸுக்கு மறந்தே போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்தியைத் தேடி எடுத்து ரொட்டியை நறுக்கினாள்.

"எந்திரிச்சுப் போய் அதை அணைங்க. இனிமே என்னோடதை நான் போட்டுக்கிறேன்," என்றாள். "அப்புறம், உங்க கோட்டை எடுத்துத் தூசி தட்டி வைங்க. பிரிஸ்டலுக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கப் போறேன். எனக்குப் பழைய தொப்பியே போதும்."